கீழே மூன்று, பிறகு என்ட்டர்

"யார் பண்ண தப்பும்மா இது? மெஷினா, ஏழுமலையா?"

முதலாளியின் மேஜை மேல், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதம் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. அதில் பதினேழு வரிகளுக்குச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருந்தார். மின்விசிறி காற்றில் காகிதத்தின் நுனி எழும்பி எழும்பி அடங்கியது. பக்கத்து ஷெட்டில் இரும்புத் தகட்டை அறைந்து வெட்டும் பவர் பிரஸ் விழும் அதிர்வு தரை வழியாக வந்து என் செருப்புக்குள் ஏறியது.

நான் காகிதத்தைப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பு செய்தது நான்.

"பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன்.

"இதுல பார்க்க என்ன இருக்கு? படிக்காத ஆளை கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சது என் புத்தி. திங்கக்கிழமையிலேர்ந்து ஏழுமலை மறுபடி பிரஸ்ஸுக்கே போகட்டும். ஸ்டோர்ஸுக்கு டிகிரி படிச்ச ஆளா ஒருத்தரைப் பார்த்துக்கறேன்."

நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். இப்போது எழுதும்போதும் அந்தத் தலையாட்டல் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆணியும் பித்தளை வில்லையும்

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டார் வண்டிகளுக்குச் சின்னச் சின்ன இரும்பு உறுப்புகள் அடித்துக் கொடுக்கும் பட்டறை. அதற்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட ஸ்டோர்ஸ். ஸ்டோர்ஸுக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கியூவில் தொழிலாளிகள், இந்தப் பக்கம் ஏழுமலை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய எண் பொறித்த ஐந்து பித்தளை வில்லைகள் உண்டு. ஸ்பேனரோ, டிரில் பிட்டோ, அளவு பார்க்கும் கேஜோ எது வேண்டுமானாலும் ஒரு வில்லையைக் கொடுத்து வாங்கிப் போக வேண்டும். சுவர் முழுக்க எண் எழுதிய ஆணிகள், ஆணிக்கு ஒரு கருவி. கருவி போன ஆணியில் வில்லை தொங்கும். சாயங்காலம் கருவி திரும்பி வந்ததும் வில்லையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சுவரைப் பார்த்தாலே எது எவரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இத்தனை நல்ல மென்பொருள் அங்கே முன்பே இருந்திருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

ஏழுமலைக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். குத்தம்பாக்கத்துக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பூந்தமல்லி வந்து பஸ் மாறி அம்பத்தூருக்கு வேலைக்கு வந்த முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் இவர்தான். பிரஸ்ஸில் ஒன்பது வருடம் நின்றார். ஒரு நாள் பிரஸ் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஸ்டோர்ஸ்.

பிரஸ்ஸைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே முறைதான். "சத்தம் கேட்டா இப்பவும் கை தானா பின்னாடி வந்துடுது மேடம்" என்றார். சொல்லும்போதே பக்கத்து ஷெட்டில் ஒரு அடி விழுந்தது. கை பின்னால் போனது. அவரே சிரித்துக்கொண்டார்.

'மேடம்' என்பார், அடுத்த சொல்லில் 'நீ' என்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு

நான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது எண்பதுகளின் கடைசியில், ஆவடியில் ஒரு மாடி அறையில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி குளிரில் எல்லாரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருப்போம். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், ஆளுக்கு இருபது நிமிடம். ஆயுத பூஜைக்கு மானிட்டரில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். விசைப்பலகைக்குள் பொரி விழுந்து ஒரு எழுத்து மாதக் கணக்கில் அமுங்காமல் இருந்ததும் உண்டு.

அங்கே எங்களுக்கு மறைமுகமாகச் சொல்லித் தரப்பட்ட பாடம் ஒன்று: கம்ப்யூட்டருக்கு மனிதன்தான் ஒடுங்கிப் போக வேண்டும். தவறு வந்தால் அமுக்கியவர் மேல்தான் தவறு. நானும் அதை நம்பினேன். செருப்பைக் கழற்றுகிறவர்கள் வேறு எதை நம்புவார்கள்?

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து அம்பத்தூரில் இறங்கி, தொழிற்பேட்டைக்கு ஒரு பஸ் பிடிப்பேன். பெட்டிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் நானும் ஜெயராஜ் சாரும்தான். அவர் பட்டறை பட்டறையாகப் போய் வேலை பிடித்து வருவார், நான் புரோகிராம் எழுதுவேன்.

நாற்பது தேர்வுகள்

ஏழுமலையின் ஸ்டோர்ஸுக்கு நான் எழுதிய முதல் புரோகிராமைப் பற்றி எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதில் 'உங்கள் விருப்பம்' என்று ஒரு திரை. நாற்பதுக்கு மேல் தேர்வுகள். எழுத்தின் நிறம், பின்னணியின் நிறம், தேதியை எப்படிக் காட்டுவது, தப்பாக அமுக்கினால் 'பீப்' அடிக்கலாமா வேண்டாமா, எந்த விசைக்கு எந்த வேலை, எல்லாவற்றையும் அவரவர் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதலாளி அசந்துபோனார். ஜெயராஜ் சார் என்னைக் காட்டி, "எல்லாம் இந்தப் பொண்ணு செஞ்சது" என்றார். நான் தரையில் நிற்கவில்லை.

இரண்டாம் நாளே போன் வந்தது. திரையில் ஒன்றுமே தெரியவில்லையாம். ஓடிப்போய்ப் பார்த்தால் திரை முழுக்கப் பச்சை. சூப்பர்வைசர் தன் ராசிக்குப் பச்சைதான் நல்லது என்று பின்னணியைப் பச்சையாக்கியிருக்கிறார். அதோடு விட்டாரா, எழுத்தையும் பச்சையாக்கியிருக்கிறார். ஏழுமலை கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஃபியூஸு நல்லாத்தான் கீது. உன் பொட்டிதான் கண்ண மூடிகினு கீது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று மாலையே எல்லாத் தேர்வுகளையும் வழித்து எறிந்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஆறு வரிப் பட்டியல். வரவு, இருப்பு, தேடல், கொடுத்தல், திரும்பப் பெறுதல், கழிவு. யாரும் எதையும் மாற்ற முடியாது. எளிமை என்றால் இதுதான் என்று சொல்லிக்கொண்டேன். எளிமையைவிட அதில் வீம்புதான் அதிகம்.

அதிலும் ஏழுமலைக்கு ஒரு குறை இருந்தது. கருவி ஒவ்வொன்றுக்கும் நான் எட்டு எழுத்தில் இங்கிலீஷ் குறியீடு கொடுத்திருந்தேன். அவருக்கு எண்கள் தெரியும், இங்கிலீஷ் எழுத்து தட்டுத் தடுமாறித்தான் வரும். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீ குட்த்த நம்பரு உன் பொட்டிக்குத் தெரியும் மேடம். என் ஆணிக்குத் தெரியாதே. ஆணி நம்பரப் போட்டா அது எட்த்துக்காதா?"

நாற்பது தேர்வுகளில் இது இல்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை. அரை நாள் வேலைதான். குறியீட்டுக்குப் பதிலாக ஆணி எண்ணைப் போடலாம் என்று மாற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஸ்டோர்ஸிலிருந்து போனே வரவில்லை.

பாராத கண்

ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது ஜன்னலோரம் நின்று அவரைக் கவனித்தேன். அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. பார்வை ஜன்னலில், வாங்க வந்தவர் முகத்தில். ஆள்காட்டி விரல் மட்டும் கீழ் அம்புக்குறியை மூன்று முறை தட்டும். பிறகு என்ட்டர். ஆணி எண், ஆள் எண். 'சரியா?' என்று கேட்டால் ஆமாம் என்று ஒரு தட்டு. உதடு லேசாக எண்ணிக்கொண்டிருக்கும்.

பட்டியல் திறக்கும்போது குறி முதல் வரியில் நிற்கும். கொடுக்க, அங்கிருந்து கீழே மூன்று. திரும்ப வாங்க, கீழே நான்கு. உடைந்ததைக் கழிக்க, கீழே ஐந்து. பட்டியலை அவர் படித்ததே இல்லை, எண்ணி வைத்திருந்தார்.

நான் அதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்திருக்க வேண்டும்? இது ஓடுகிறது, கையை வைக்காதே என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்ததோ, ஐயோ பாவம், ஒரு நாளைக்கு நூறு தடவை மூன்று மூன்றாக அமுக்குகிறாரே என்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சும்மா விடும் குணம் அந்த வயதில் எனக்கு இல்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். எந்த வேலையை அதிகம் செய்கிறாரோ அது தானாகப் பட்டியலின் மேலே ஏறி வரும். யாரும் எதையும் தேர்வு செய்ய வேண்டாம், புரோகிராமே ஆளைப் புரிந்துகொள்ளும். ஜெயராஜ் சாருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆவடியில் ஒரு பெரிய பட்டறைக்கு இதைக் காட்டப் போகிறோம் என்று நேரம் வாங்கிவிட்டார்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, ஸ்டோர்ஸ் பூட்டியிருந்த நேரத்தில் பிளாப்பியோடு போய்ப் புது புரோகிராமை ஏற்றினேன். ஏழுமலையிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று விட்டேன்.

திங்கட்கிழமை காலை பட்டியல் பழைய பதிவுகளை எண்ணிப் பார்த்துத் தன்னைத் தானே மாற்றிக்கொண்டது. கொடுத்தல் முதல் வரிக்கு ஏறியது. திரும்பப் பெறுதல் இரண்டாவது. வரவு மூன்றாவது. டிரில் பிட் தினமும் உடையும் இடம் அது, அதனால் கழிவு நாலாவது வரியில் வந்து நின்றது.

கீழே மூன்று, பிறகு என்ட்டர்.

கழிவுத் திரையும் கொடுக்கும் திரையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். குழப்பம் வேண்டாமே என்று நான்தான் அப்படிச் செய்திருந்தேன். இரண்டும் ஆணி எண் கேட்கும், ஆள் எண் கேட்கும், 'சரியா?' என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, ஆமாம் என்று தட்ட நானே அவரைப் பழக்கியிருந்தேன்.

இரண்டு நாளில் மற்ற கருவிகளோடு பதினேழு நல்ல கேஜ்களும் கழிவில் போய்விட்டன. சுவரில் வில்லைகள் சரியாகத் தொங்கின. கம்ப்யூட்டரில் மட்டும் அந்தக் கேஜ்கள் செத்துப்போயிருந்தன.

செவ்வாய்க்கிழமை மதியம், உறுப்புகளை வாங்கும் கம்பெனியிலிருந்து சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். பட்டியலை அச்சடித்துக் கொடுங்கள் என்றார்கள். பார்த்துவிட்டு, "கழிச்சுப்போட்ட கேஜை வெச்சா எங்களுக்கு அளவு பார்க்கறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்கள். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது.

ஒரு நாள் மௌனம்

மறுநாள் புதன்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அந்த அறையில்தான் நான் தலையை ஆட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை ஆவடி இருந்தது. ஜெயராஜ் சாரின் சந்தோஷம் இருந்தது. அதைவிட, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன், அதை விட மனமில்லை. ஏழுமலையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஒருவேளை அவர் வேறு எதையாவது அமுக்கியிருப்பாரோ என்று எனக்கு நானே ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டேன். அன்று ரயிலில் அந்தப் பொய் பட்டாபிராம் வரை தாங்கவில்லை. திருமுல்லைவாயிலிலேயே அது இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை, பட்டறையில் சங்கு ஊதுவதற்கு முன்பே ஸ்டோர்ஸுக்குப் போனேன். புரோகிராமைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஏழுமலை எனக்கு முன்பே வந்திருந்தார். கம்ப்யூட்டரைப் போடவில்லை. மடியில் ஒரு அட்டை. செருப்புப் பெட்டியின் மூடி. அதில் ஸ்கெட்ச் பேனாவால் அம்புக்குறிகளும் என்ட்டர் விசையும் வரைந்திருந்தார். அளவு கச்சிதமாக இருந்தது, ஸ்கேல் வைத்து எடுத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. என்ட்டரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. என்ட்டரு."

என்னைப் பார்த்ததும் அட்டையைப் பின்னால் மறைத்தார்.

"இன்னா மேடம், சீக்கிரமே வந்துட்ட?"

"அது என்னண்ணே கையில?"

"ஒண்ணுமில்ல. ஊட்ல வெச்சி ரெண்டு நாளா பயகினு கீறேன். எண்றதுல எங்கியோ வுட்டுட்டேன் போல. சாயந்திரம் திரும்பி வாங்கசொல்லயும் வேற இன்னாத்தையோ காட்டுச்சு. அப்பவே நெனச்சேன், நம்ம எண்ணிக்கதான் ராங்கா பூட்ச்சுன்னு." மறைத்த அட்டையை மறுபடி மடியில் வைத்தார். "மொதலாளியாண்ட ஒரு வார்த்த சொல்லேன் மேடம். இன்னொரு வாரம் பாக்கச் சொல்லு. பிரஸ்ஸாண்ட மட்டும் வேணாம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதால் அதுவும் ஒரு தப்பித்தல் என்று தோன்றியது. நேரே முதலாளியின் அறைக்குப் போனேன்.

இரண்டு முறை

முதலாளி நம்பவில்லை. பாவப்பட்டுச் சொல்கிறாய் என்றார். "வந்து பாருங்க சார்" என்று அவரை ஸ்டோர்ஸுக்கே அழைத்து வந்தேன்.

பழைய புரோகிராமை ஓட்டினேன். "அண்ணே, முப்பத்து நாலாம் ஆணி கேஜை எனக்குக் கொடுக்கற மாதிரி போடுங்க" என்றேன். ஏழுமலை விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மூன்று தட்டு, என்ட்டர். திரையின் உச்சியில் கொடுத்தல் என்று வந்தது.

புதியதை ஓட்டினேன். "அதையே இன்னொரு தடவை போடுங்க." மூன்று தட்டு, என்ட்டர். முதலாளி குனிந்து திரையின் உச்சியைப் படித்தார். கழிவு.

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதானே அமுக்கினான்?"

"ஆமா சார். வரிசையை மாத்தினது நான். சனிக்கிழமை. அவர்கிட்ட சொல்லவும் இல்லை."

"நேத்து என் ரூம்ல நின்னியே, அப்பவே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "தெரியும் சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நடந்ததை அப்படியே ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், சரிபார்க்க வந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார். பழைய புரோகிராமை வைத்துவிட்டு இனி அந்தக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்றார். ஏழுமலையைப் பார்த்து, "நீ உன் வேலையைப் பாரு" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஆவடிக்கு நாங்கள் போகவில்லை. ஜெயராஜ் சார் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை, பிறகு பேசினார். அதன் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமிலும் ஒரு வரி தானாக இடம் மாறியதில்லை. எதையாவது மாற்றுவதென்றால் முதலில் அதை உபயோகிப்பவர் பக்கத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்துவிட்டுத்தான் மாற்றுவேன். அவர்கள் கேட்கும் தேர்வு பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அது என் நாற்பதில் இருக்காது.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் பையை எடுக்க ஸ்டோர்ஸுக்குத் திரும்பினேன். ஏழுமலை கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க அண்ணே" என்றேன்.

அவர் வலது கையை மடியில் வைத்து, மீதியிருந்த மூன்று விரல்களையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது கரீட்டாத்தான் எண்ணிகினு இருந்துச்சா மேடம்?"

"கரெக்டாத்தான் எண்ணிச்சு அண்ணே. ஒரு தடவைகூடத் தப்பலை."

ஜன்னலில் ஒரு பித்தளை வில்லை வந்து விழுந்தது. "அண்ணாத்தே, முப்பத்தி நாலு குடு, அங்க மெஷினு நிக்குது" என்றது ஒரு குரல். ஏழுமலை வில்லையை எடுத்துக்கொண்டு, அந்த ஆளின் முகத்தைப் பார்த்தபடியே, ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டினார்.